பாய்மரத்தில் இரண்டடி

ஓசூரைச் சுற்றி உயரமாக நிற்கும் எதை வேண்டுமானாலும் காட்டுங்கள், அநேகமாக அதன் உச்சியில் நான் ஒருநாள் உட்கார்ந்திருப்பேன். புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி, சாலைச் சந்திப்பு விளக்குக் கம்பம், கொடிமரம், செல்போன் கோபுரம், எதையும் விட்டதில்லை. சிங்காரப்பேட்டைப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பதினேழு வயதில் பஸ் ஏறி வந்தவன் நான். இன்றைக்கு என்னிடம் பதினெட்டு பேர் வேலை செய்கிறார்கள். யாரும் தூக்கிவிட்டு நான் மேலே போகவில்லை. நானாக ஏறினேன்.

படித்தவர்களிடம் சான்றிதழ் இருக்கும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். "நாப்பது வருஷமா ஏறுறேன் சார், ஒருநாளும் விழுந்ததில்ல." தொழிற்சாலை வாசலில் பாதுகாப்பு அதிகாரி கேட்பார், நான் சொல்வேன், உள்ளே போகச் சீட்டு எழுதுவார். அந்த வாக்கியம்தான் எங்கள் வீட்டுக்கு அடுப்பு மூட்டியது, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது. என் அறுபத்தொன்றாவது வயதில் அது ஒரு படகில் வைத்து என்னை விட்டுப் போனது. ஆமாம், படகில்தான். கடலே இல்லாத இந்த ஊரில்.

ஒரு காலை போன் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணாச்சி, ஒரு பாய்மரத்துல ஏறணும்."

"அதுக்கென்னங்க, ஏறிடலாம். எங்க, தூத்துக்குடிங்களா?"

"இல்ல அண்ணாச்சி. ராயக்கோட்டை ரோட்டுல, உத்தனப்பள்ளி தாண்டி."

காலையிலேயே ஊற்றிக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் மனிதர் சொன்னது நிஜம். மூடிப்போன ஒரு பட்டறையின் முற்றத்தில், எட்டு இரும்புக் கால்களின் மேல், வெள்ளையாக ஒரு படகு நின்றது. அதன் நடுவில் நாற்பத்தைந்து அடிக்கு அலுமினியப் பாய்மரம். முந்தின நாள் கிரேன் வைத்து நிறுத்தியிருந்தார்கள். நான்கு பக்கமும் இரும்பு வடம் இழுத்துக் கட்டியிருந்தது.

கட்டியவர்கள் புருஷன் பெண்சாதி இரண்டு பேர். அவர் இங்கே ஒரு இயந்திரத் தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா பெங்களூரு, கன்னடக்காரர், ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடமாக இரண்டு பேரும் சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். லாரியில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய், அதிலேயே குடியிருக்கப் போவதாகச் சொன்னார்கள்.

"மேல லைட் எரியல அண்ணா. அது சின்ன வேல," என்றார் அந்த அம்மா. "ஆனா கடல்ல ஒருநாள் நாங்களே ஏற வேண்டி வரும். அதுக்கு முன்ன, கீழ மண்ணு இருக்கறப்பவே எப்படி ஏறணும்னு பாத்துக்கணும். உங்கள மாதிரி தெரிஞ்சவரு ஏறுனா நாங்க கத்துக்குவோம்."

தெரிஞ்சவர் என்றதும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்த நிமிடமே அந்த அம்மா ஒரு நோட்டைத் திறந்தார், என் தலை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. காற்று இவ்வளவுக்கு மேல் அடித்தால் ஏறக்கூடாதாம். அதைப் பார்க்க வடத்தில் ஒரு ரிப்பன் கட்டியிருந்தார். ஒரு கயிறு போதாதாம், இரண்டு வேண்டுமாம். ஒன்று நான் உட்காரும் கித்தான் இருக்கைக்கு, இன்னொன்று என் உடம்பில் போட்ட பெல்ட்டுக்கு. இரண்டும் பாய்மரத்தின் உச்சியில் வேறு வேறு கப்பியில் ஓடிக் கீழே வரும். முதல் கயிற்றை அவர் புருஷன் கைப்பிடி போட்ட உருளையில் சுற்றி என்னை மேலே ஏற்ற வேண்டும். இரண்டாவதை அந்த அம்மா இன்னொரு உருளையில் நாலு சுற்று சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நான் ஏற ஏறத் தொய்வை இழுத்துக்கொண்டே வருவார்.

"மேடம், நான் நூத்தியிருபது அடி சிம்னியில உக்காந்து டிபன் சாப்ட்டவன்."

"அப்படியா அண்ணா? யாரு பரிமாறுனாங்க?"

புருஷன் சிரித்துவிட்டார். "அவ சொன்னா சொன்னதுதான் அண்ணாச்சி. நான் முப்பத்திரண்டு வருசமா தொங்கிக்கிட்டுதானே கெடக்கேன்."

கயிற்றின் நுனியில் பாயை மாட்டுவதற்கென்று ஒரு ஸ்பிரிங் கொக்கி இருந்தது. பளபளவென்று நல்ல எஃகு. சின்ன ஊசியை இழுத்தால் திறக்கும், அந்த ஊசியில் இழுப்பதற்கு ஒரு நூல் வளையம். நான் அதை எடுத்து இருக்கையின் வளையத்தில் மாட்டப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது பாய்க்கு. ஆளுக்கு முடிச்சு."

எங்கள் தொழிலில் முடிச்சுக்கு மரியாதை கிடையாது. தொழிற்சாலை வாசலில் கொக்கியைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், அதில் முத்திரை குத்தியிருக்கிறதா என்று. முடிச்சுப் போட்ட கயிற்றோடு போனால், "மாடு கட்டவா வந்தே?" என்பார்கள். அந்தப் பேச்சை நாற்பது வருடம் கேட்டுக் கேட்டு எனக்கும் முடிச்சு என்றாலே இளப்பம். இருந்தாலும் அந்த அம்மா சொன்னபடி கயிற்றையே வளைத்து இருக்கையில் கட்டினேன். பெல்ட்டுக்கு அவரே கட்டினார். பிறகு ஒரு அடி உயரத்தில் என்னைத் தொங்கவிட்டு, குதித்துப் பார்க்கச் சொன்னார்கள். தூளியில் பிள்ளை ஆடுகிற மாதிரி அறுபத்தொரு வயதில் ஆடினேன். பக்கத்துப் பட்டறையில் டீ நேரம். சுவர்மேல் ஏழெட்டுத் தலைகள்.

"மாமா, கப்பல் எப்ப கெளம்புது? கெலவரப்பள்ளி டேம் வரைக்கும் என்னையும் ஏத்திக்கங்க!"

"மொதல்ல நீ உள்ள போய் மிஷின ஓட்டு, சூப்ரவைசர் தேடறாரு!" என்றேன். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது.

என்னைக் கீழே இறக்கினார்கள். அந்த அம்மா கையுறை எடுக்கப் படகுக்குள் போனார். அவர் புருஷன் உருளைக்கு எண்ணெய் விடத் திரும்பினார். நான் மேலே பார்த்தேன். முடிச்சு பெரிதாக இருக்கிறது. உச்சியில் அது கப்பியில் போய் இடித்து நின்றுவிடும், விளக்கு ஒரு சாண் மேலே இருக்கும், எட்டாது என்று கணக்குப் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. முடிச்சை அவிழ்த்து, ஸ்பிரிங் கொக்கியை மாட்டி, அதன்மேல் என் துண்டைச் சுற்றிவிட்டேன்.

எட்டாது என்பது பாதிதான் உண்மை. இன்னொருத்தர் சொல்லி நான் ஏறுவதா என்பது மீதிப் பாதி.

அந்த அம்மா வந்தார். தான் கட்டிய முடிச்சை மறுபடி இழுத்துப் பார்த்தார். என் முடிச்சைப் பார்க்கவில்லை. தெரிஞ்சவர் கட்டியது அல்லவா. பிறகு கருவிகளை எண்ணிப் பையில் போட்டார், ஒவ்வொன்றிலும் நூல் கட்டியிருந்தது. "பிளேயர் ஒன்னு, ஸ்க்ரூ டிரைவர் ஒன்னு, டேப் ஒன்னு. மூணு போகுது."

ஏறினேன். மேலே போனதும் கோபம் போய்விட்டது, எனக்கு எப்போதும் அப்படித்தான். தகரக் கூரைகள், ராயக்கோட்டை சாலையில் எறும்பு வரிசையாக லாரிகள், தூரத்தில் மொட்டைப் பாறைக் குன்றுகள். விளக்கைக் கழற்றிப் பார்த்தேன். வயர் நுனி பச்சை பிடித்திருந்தது. சுரண்டி இணைக்க இடது பக்கம் சாய வேண்டும். பெல்ட்டுக் கயிறு இழுத்துப் பிடித்தது.

"மேடம், கொஞ்சம் லூஸ் விடுங்க!"

ஒரு சாண் விட்டார்.

"என்ன மேடம், பத்திய சாப்பாடு மாதிரி விடறீங்க? இன்னும் விடுங்க!"

"அவ்வளவுதான் அண்ணா!"

முனகிக்கொண்டே சாய்ந்தேன். துண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கொக்கியின் நூல் வளையத்தில் என் கருவிப் பையின் நூல் மாட்டியிருந்தது எனக்குத் தெரியாது. டிக் என்று ஒரு சத்தம். பேனா மூடி திறக்கிற சத்தம் மாதிரிதான்.

பின்புறத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

இரண்டடி கீழே போனதும் பெல்ட் மார்பில் அறைந்தது. முழங்கால் அலுமினியத்தில் மோதியது. தொங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது, சத்தம் போடாமல், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

"பிடிச்சிருக்கேன்."

இரண்டு கையாலும் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தேன்.

"பிடிச்சிருக்கேன் அண்ணா. கால மரத்துல வைங்க. மூச்சு விடுங்க. இறக்கறேன்."

சுவர்மேல் ஒருவன், "மாமா ஊஞ்சல் ஆடறாருடா!" என்று கத்தினான். மற்றவர்கள் கை தட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த அம்மா கைக்குக் கை கயிறு விட்டு, ஒரு அடி ஒரு அடியாக இறக்கினார். கால் தளத்தில் பட்டதும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் என் நாடி பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், பிறகு பையைத் திறந்தார்.

"பிளேயர் ஒன்னு. ஸ்க்ரூ டிரைவர் ஒன்னு. டேப் ஒன்னு. மூணு போச்சு, நாலு வந்துது."

"மூணுதானே மேடம்?"

"நீங்க ஒன்னு."

புருஷன் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். உச்சியில் முதல் கயிற்றின் நுனி காற்றில் ஆடியது. அதில் கொக்கி வாயைத் திறந்துகொண்டிருந்தது. முடிச்சு இல்லை. இருந்திருந்தால் மூன்று பேர் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். திட்டுவார் என்று காத்திருந்தேன். அந்த அம்மா கீழே கிடந்த என் துண்டை எடுத்து உதறி, மடித்து, என் மடியில் வைத்தார். "துண்டு நல்லாத்தான் கட்டியிருந்தீங்க," என்றார். அவ்வளவுதான்.

டீ குடித்த பிறகு நானே எழுந்தேன். பாய்மரத்தின் முன்பக்கம் மூன்றாவது கயிறு ஒன்று இருந்தது. அதை இருக்கையில் முடிச்சுப் போட்டுக் கட்டி, அந்த அம்மாவை இழுத்துப் பார்க்கச் சொல்லி, ஒரு அடியில் குதித்துக் காட்டி, மறுபடி ஏறினேன். விளக்கை எரியவைத்தேன், திறந்த கொக்கியைக் கீழே கொண்டுவந்தேன். முடிச்சோடு போனால் எட்டாது என்று கணக்குப் போட்டேனே, எட்டியது. கையை முழுசாக நீட்ட வேண்டியிருந்தது, அவ்வளவே.

கிளம்பும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "மேடம், இது வெளிய தெரிஞ்சா என் பொழப்பு..."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்? நான் கடலுக்குப் போறவ. சொல்றதும் விடறதும் உங்க இஷ்டம் அண்ணா. ஆனா நாளைக்கு நான் ஏறுறப்ப ரெண்டாவது கயித்த நீங்கதான் பிடிக்கணும்."

கொக்கியை ஒளித்து வைத்தவன் கையிலா இந்த அம்மா உயிரைக் கொடுக்கிறார் என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

மறுநாள் அந்த அம்மா ஏறினார். நான் உருளையில் நாலு சுற்று சுற்றிப் பிடித்தேன். கயிற்றை விடும் கை எது, பிடிக்கும் கை எது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்தது, ஓட்டவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. மேலே இருப்பவருக்குக் கை வேலை இருக்கிறது, வேடிக்கை இருக்கிறது. கீழே பிடிப்பவருக்கு மேலே இருக்கிற அந்த ஒரு உயிரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நாற்பது வருடத்தில் எனக்காகக் கீழே நின்று கயிறு பிடித்த எத்தனையோ பேரின் முகம் ஞாபகம் வந்தது. ஒருத்தருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. அவர் இறங்கி வந்ததும், "நாலு வந்துது மேடம்," என்றேன். அவர் சிரித்தார். இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை எனக்கு.

அடுத்த திங்கட்கிழமை ஒரு புகைபோக்கிக்குச் சாயம் அடிக்கும் வேலை. வாசலில் பாதுகாப்பு அதிகாரி பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "பெரியவரே, வழக்கமான டயலாக்க சொல்லுங்க, எழுதிக்கறேன்," என்றார். மதுரைக்காரர்.

வாய்வரை வந்தது. அந்த அம்மா சொல்ல மாட்டார், சுவர்மேல் இருந்தவர்களுக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அந்த வாக்கியம் இன்றும் என்னிடம் இருந்திருக்கும்.

"நாப்பது வருஷத்துல ஒரு தடவ விழுந்திருக்கேன் சார். ரெண்டடி. போன வாரம்."

பேனா நின்றுவிட்டது. துண்டு வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். சீட்டு போச்சு என்று நினைத்தேன்.

"அந்த முடிச்ச போட்டுக் காட்டுங்க," என்றார். அவர் மேசைக் காலிலேயே கட்டினேன். இழுத்தார், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார், மேசைதான் வந்தது.

"மாடு கட்டறது இல்லையே இது?"

"ஆளக் கட்டறது சார். பதினெட்டு பேருக்கும் ரெண்டாவது கயிறுன்னு எழுதிக்கங்க. அது இல்லாம எவனும் ஏற மாட்டான், நான் உள்பட."

எழுதினார்.

படகு பிறகு லாரியில் போய்விட்டது. இப்போதும் வாசலில் கேட்பார்கள், நானும் சொல்வேன். நாற்பது வருடத்தில் மொத்தம் இரண்டே அடி விழுந்தவன் நான், ஓசூரில் வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்று. அதற்கு மேல் விழாமல் என்னைப் பிடித்தவர் ஒரு நர்ஸம்மா என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அன்றிலிருந்து அதைச் சொல்லாமல் சீட்டு வாங்கியதில்லை.