கிரகணத்தின் மேல் கிடந்த பழி

லண்டனில் நான் குடியிருக்கும் வீட்டுக்காரி போன வாரம் என் அறையில் எலிப்பொறி வைத்துவிட்டாள். இங்கே எலி ஏது என்று கேட்டேன். வாடை வருகிறதே என்றாள். "உங்கள் நாட்டில் எலிகளோடு இருந்து பழகியிருப்பீர்கள். இந்த வீட்டில் அது ஆகாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். வாடை என் மேல்கோட்டிலிருந்து வருகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மூளை வளராத குழந்தைகளின் விடுதி ஒன்றில் அவர்களுடைய மூத்திரத்தைச் சோதிப்பதுதான் என் உத்தியோகம். அவர்களில் சிலருக்கு உணவின் சத்து ஒன்றை மாற்றிக்கொள்ள உடம்புக்குத் தெரிவதில்லை. அது தேங்கி மூளையைக் கெடுக்கிறது. உடம்பிலும் துணியிலும் எலி வாடை அடிக்கும். மூத்திரத்தில் ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டால் பச்சையாக மாறும். சில வருஷங்களுக்கு முன்னால் நார்வே டாக்டர் ஒருவர் கண்டுபிடித்தது இது. நம் பையன் சீமையில் பெரிய வியாதியை ஆராய்கிறான் என்று ஊரில் பெருமை பேசுகிறார்களாம். ஆராய்கிறோம், வாஸ்தவம். பெயர் வைக்கத் தெரியும், மருந்து தெரியாது.

அந்த வாடையை விடுதியில் முதல்முறை முகர்ந்தபோதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது என் அக்கா மகன் முருகேசுவின் வாடை. அவிநாசிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அவனைத் தோளில் போட்டுத் திரிந்தவன் நான். பிறந்தபோது செக்கச்செவேலென்று செம்பட்டை முடியோடு இருந்தான். தொரை மாதிரி இருக்கறானுங்க என்று வந்தவர்களெல்லாம் கொஞ்சினார்கள். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, வலிப்பு வந்தது. அக்காளின் மாமியார் வேறு யாருமில்லை, எங்கள் சொந்த அத்தை. எங்கள் அப்பா கல்யாணத்தில், கூடப்பிறந்தவள் நிற்கும் இணைச்சீர்ச் சடங்குக்கு நின்று, உனக்குப் பிறக்கும் பெண் என் மகனுக்குத்தான் என்று உரிமை வாங்கிக்கொண்டு, அதன்படியே அக்காளைக் கட்டிக்கொண்டு போனவள். அவள்தான் போகிற வருகிறவர்களிடம் சொல்வாள்: "கெரகணத்தன்னிக்கு வெளிய வராதேன்னேனுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்னு கட்டுத்தரைக்குப் போயி வயித்துப் புள்ளையக் கெடுத்துப்போட்டா." அக்கா முருகேசுவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தப் பழியைத் துடைத்துவிடலாம் என்று நினைத்தேன். கோயம்புத்தூரில் என்னோடு படித்த டாக்டர் ஒருவருக்கு எழுதி, முருகேசு நனைத்த துணியில் அதே ஃபெரிக் குளோரைடைச் சொட்டச் சொன்னேன். பச்சையாயிற்று என்று பதில் வந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. உடனே மச்சானுக்கு நாலு பக்கம் எழுதினேன். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அக்கா மேல் குற்றமில்லை, ஒரே வம்சத்தில் கட்டியதால் இரண்டு பக்கமும் மறைந்திருந்த குறை பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிட்டது, அடுத்த பிள்ளைக்கும் வரலாம் என்று விவரமாக எழுதினேன்.

ஆறேழு மாதம் சத்தமில்லை. பிறகு பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்தில் அக்காளின் கடிதம் வந்தது. அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தார்.

"கண்ணு, நீ எழுதுன காயிதத்த வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. அத்தை முச்சூடும் கேட்டுப்போட்டு, 'ஏனுங்க, அப்ப அசல்ல ஒரு புள்ளையக் கட்டி வெச்சா எம் மவனுக்கு நல்ல கொழந்த பொறக்கும்னுதானுங்களே எழுதியிருக்கறான்?'னு கேட்டாங்க. வாத்தியாரு, 'அப்படித்தானுங்க வருது'ன்னு சொல்லிப்போட்டாரு. தை மாசம் அந்தியூருப் பக்கத்துல இருந்து அசல்ல ஒரு புள்ளையக் கட்டிக் கூட்டியாந்துட்டாங்க. நானும் முருகேசும் இப்பக் கட்டுத்தரையோரம் ஓலைச் சாளையில இருக்கறோம். கெரகணமுன்னு இருந்தவரைக்கும் ஒரு நாளுத் தப்பா இருந்துச்சு, சாமி. இப்ப எம் பொறப்பே தப்புன்னு ஆயிப்போச்சு. நீ கெரகணமுன்னே எழுதியிருக்கலாமே."

என் கடிதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. இல்லை. எழுத்துத் தெரியாத அத்தை, இங்கே பட்டம் வாங்கியவர்கள் பாதிப் பேருக்கு விளங்காததை ஒரே தடவையில் விளங்கிக்கொண்டாள். அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை.

சென்ற மாதம் மச்சான் எழுதினார். இளையவளுக்கு ஆண் குழந்தை, நல்ல ஆரோக்கியம். இங்கே என் ஆராய்ச்சிக்குத் தலைமையான பேராசிரியரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அதே தகப்பன், உறவில்லாத தாய்! நாமே சோதனையாக ஏற்பாடு செய்தாலும் இப்படி அமையாது. உங்கள் சகோதரிக்கும் மகிழ்ச்சியாக இருக்குமே" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். துணி பச்சையானபோது நான் வரைந்து கொடுத்திருந்த எங்கள் குடும்பத்தின் வம்சப் படத்தை எடுத்துத் தந்து, புதுக் கிளையைச் சேர்க்கச் சொன்னார்.

படத்தில் ஆண்களெல்லாம் சதுரம், பெண்களெல்லாம் வட்டம். முருகேசு மட்டும் கறுப்புச் சதுரம். மச்சானின் சதுரத்துக்கு மறுபக்கம் புதிதாக ஒரு வட்டம் போட வேண்டும், இரண்டையும் ஒரு கோட்டால் இணைக்க வேண்டும். அக்காளின் வட்டத்தை ஒட்டியே என் சதுரம் இருந்தது. அது அங்கே இருக்க, இங்கே மேஜை முன்னால் அளவுகோலை வைத்துக்கொண்டு நானும் இருந்தேன். பேராசிரியர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கோணல் இல்லாமல் கோட்டை இழுத்துக் கொடுத்தேன்.