ரிவர்ஸ் எடுக்காமல் திரும்பாத கார்

எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடம் அப்பா வாங்கிய வெளிநாட்டுக் கார் அது. மலைமேல், மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டு வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கும். தோல் தைத்த சீட்டு, மரம் பதித்த டேஷ்போர்டு. முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம், அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தாராளமாக உட்காருவோம். எனக்கோ அதைக் கண்டாலே எரிச்சல். சேலத்துக்கு இறங்கும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில்கூட அது ஒரே திருப்பில் திரும்பாது. அப்பா பாதியில் நிறுத்தி, கியரோடு மல்லுக்கட்டி, ரிவர்ஸ் எடுத்து, மறுபடி திருப்புவார். பின்னால் பஸ்காரன் ஹாரனை விடாமல் அழுத்துவான். எனக்கு மானம் போகும்.

வேலைக்குப் போய் நாலு காசு சேர்ந்ததும், எண்பதுகளின் கடைசியில், நானே ஒரு சின்ன கார் வாங்கினேன். அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்து, சோப்பு டப்பா என்றார். உங்கள் கப்பலை விட இது எவ்வளவோ மேல், வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பும் என்று நானும் விடாமல் பேசினேன். அதற்குள் அப்பாவின் தோள்பட்டை கெட்டுப்போய், பெரிய காரின் ஸ்டியரிங்கைச் சுற்ற முடியாமல் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றியது. சேலத்துக்குப் போய் ஆபரேஷன் செய்யாமல் இன்னும் தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்றார் டாக்டர். அம்மாவோ அசையவில்லை. அவளுக்கு வண்டி ஏறினால் வாந்தி. அப்பா ஓட்டினால்தான் வருவேன் என்று ஒரே பிடி. பஸ் வேண்டாம், ஜீப் வேண்டாம், நான் ஓட்டினாலும் வேண்டாம். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். கடைசியில் என் கார் ஸ்டியரிங் லேசானது என்று சொல்லி அப்பாவையே உட்கார வைத்தேன். அம்மா பக்கத்தில், நான் பின்னால்.

முதல் வளைவு. அப்பா பாதி திருப்பி நிறுத்தினார். நிதானமாக ரிவர்ஸ் எடுத்தார். பழக்கதோஷம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அப்பா, இது ஒரே திருப்புல திரும்புமுங்க. எதுக்கு ரிவர்ஸ்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி, ஜன்னலில் முகத்தை வைத்து, மெல்ல மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் வேர்வை அடங்கும்வரை அவர் கியர் போடவே இல்லை.

"அந்த வண்டியும் ஒரே திருப்புல திரும்பும் கண்ணு," என்றார் தணிந்த குரலில். "நொம்பக் கொமட்டுனாலும், நிறுத்துங்கன்னு உங்கம்மா வாயத் தொறந்து சொல்ல மாட்டா."

இத்தனை வருஷம் அந்தக் காரை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! அவர் ஒரு வார்த்தை மறுத்ததில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று இருந்தேன்.

அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"எனக்குத் தெரியுமுங்க. அதனாலதானுங்க வேற யாரு வண்டியிலயும் ஏறல."