புறங்கைக்காரர்

டீ டம்ளரை நீட்டினால்கூட வலக்கையைத் திருப்பி, விரல்களின் பின்பக்கத்தால் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். அந்த நேரம் இடக்கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், கடையில் காய்கறி, எதுவானாலும் இதே மரியாதைதான். மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது நெற்றியைத் தொட்டதும் இப்படித்தான். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியாச்சு, இன்னும் நான் ஷாக் அடிப்பேனான்னு சந்தேகம் இவருக்கு" என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வார். அலுப்பில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

எங்கள் தெருவில் எலெக்ட்ரீஷியன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். புறங்கைக்காரர் வீடு என்றால் உடனே கையைக் காட்டுவார்கள். காரணம் கேட்டால் அவர் சொல்வார்: "உள்ளங்கையால பிடிச்சு, உள்ள கரண்டு இருந்துச்சுன்னா விரல் தானா மடங்கிக்கும் சார். விடணும்னு நெனச்சாலும் விடாது. புறங்கைன்னா உதறிடும். இடக்கையும் எதையாவது தொட்டுச்சுன்னா நெஞ்சு வழியாப் பாயும், அதான் அதை ஒளிச்சு வெச்சுக்குறேன்." கம்பியை முதலில் டெஸ்டரால் பார்ப்பார். டெஸ்டர் எரியாவிட்டாலும் அடுத்தது புறங்கைதான்.

அவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. 'ஆஃப் பண்ணியாச்சு.' யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "நீங்க பண்ணிட்டீங்க, சரி. அதுக்குத் தெரியுமா?" என்பார். அது என்றால் கம்பி. நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கோபத்தின் மறுமுனையில் ஒரு மச்சினர் இருக்கிறார். மனைவியின் தம்பி. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள். இவர் ஏணியில், அவர் சுவிட்ச் போர்டில். ஒருநாள் ஒரு கடையில் விளக்கு மாற்றும்போது, "ஆஃப் பண்ணியாச்சு மாமா, தைரியமா தொடுங்க" என்றார் மச்சினர். இவர் தொட்டார். கம்பி தூக்கி எறிந்தது. வலது மணிக்கட்டு முறிந்து, இன்றும் கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது.

மச்சினர் பொய் சொல்லவில்லை. அந்தக் கடைக்கு முன்பு ஒயரிங் செய்த புண்ணியவான் சுவிட்சைக் கரண்டு வரும் கம்பியில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் வைத்திருந்தான். விளக்கு அணைந்தது, கரண்டு அணையவில்லை. இது இவருக்கும் தெரியும். ஆனால் தெரிந்துகொள்வது ஒரு லைன், மனசு ஆறுவது வேறு லைன். "விழுந்து கெடக்கிறவனைத் தூக்கணுமா இல்லையா? 'நான் ஆஃப்தானே பண்ணேன்'னு சுவிட்சைக் காட்டிக்கிட்டு நிக்கிறான் சார்!" என்பார். கடை நிறைய ஆட்கள் பார்க்க, மாமா தன்னைக் கொலைகாரன் என்றார் என்பது மச்சினரின் காயம். அன்றோடு பேச்சு நின்றது. இவர் "உன் தம்பி" என்பார், அவர் "உன் வீட்டுக்காரர்" என்பார். "ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் ஜங்ஷன் பாக்ஸ்" என்று அந்த அம்மாள் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்காது.

போன வாரம் எங்கள் படுக்கையறை எல்.இ.டி. விளக்குக்காக அவரைக் கூப்பிட்டேன். அணைத்த பிறகும் அது மங்கலாக மினுக்கிக்கொண்டிருந்தது. "பயப்படாதீங்க, பொய்க் கரண்டு" என்றார். "ஒரே பைப்புக்குள்ள பக்கத்து ஒயர்ல கரண்டு ஓடுதுல்ல, சும்மா கெடக்கிற ஒயர்லயும் கொஞ்சம் ஒட்டிக்கும். டெஸ்டர்கூட மினுக்கும். ஆனா ஒரு குண்டு பல்பை எரிய வைக்கத் தெம்பு இருக்காது."

போர்டில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் அனுப்பியது தம்பியை. மச்சினர் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மச்சினர் அந்த அறையின் லைனை மட்டும் அணைத்தார். "ஆஃப்..." என்று தொடங்கி, விழுங்கிக்கொண்டார். "பாத்துக்கங்க" என்றார்.

இவர் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் எரிந்தது. மங்கலாகத்தான், ஆனாலும் எரிந்தது.

மச்சினரின் முகம் வெளுத்துவிட்டது. சுவிட்சைக் காட்டுவார் என்றுதான் நினைத்தேன். காட்டவில்லை. ஓடி வந்து இரண்டு கைகளாலும் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "தொடாதீங்க மாமா. என் மேலதான் தப்பு இருக்கும். இறங்குங்க."

இவர் இறங்கவில்லை. குனிந்து, ஏணியைப் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்த, ஒயர் மாட்டிய குண்டு பல்பை என்னிடம் கேட்டார். பல்பு நல்லதுதானா என்று பார்க்க அதன் ஒயர்களை ஹால் பிளக்கில் செருகச் சொன்னார், பளிச்சென்று எரிந்தது. பிறகு மேலே வாங்கி, சந்தேகத்துக்குரிய கம்பிக்கும் தரைக்குப் போகும் எர்த் கம்பிக்கும் நடுவே வைத்தார். பல்பு எரியவில்லை. இன்னொரு முறை வைத்தார். எரியவில்லை.

"பொய்க் கரண்டு மாப்ள" என்றார். "நீ ஆஃப் பண்ணிட்டே."

மச்சினர் ஏணியை விடவில்லை. புறங்கைக்காரர் பல்பை என்னிடம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல வலக்கையின் பின்பக்கத்தைக் கம்பியருகே கொண்டுபோனார். பாதி வழியில் நிறுத்தினார். அந்தக் கோணல் மணிக்கட்டை மெல்லத் திருப்பி, உள்ளங்கையை விரித்து, கம்பியைப் பிடித்தார்.