குறுக்கே போட்ட பெல்ட்

அப்புண்ணா, நீங்கள் போன சேதி காரமடையில் எங்கள் மாவு மில்லுக்குப் பக்கத்து மளிகைக் கடைப் போனுக்கு வந்தது. மில் இரைச்சலில் கடைக்காரர் கூப்பிட்டது காதில் விழவில்லை. உள்ளே வந்து மில்லை நிறுத்தும்படி கையைக் காட்டினார். "அன்னூர்ல இருந்துங்க அக்கா. உங்க அண்ணன்..." என்றார். யாரோ கொண்டுவந்திருந்த ராகி பாதி அரைபட்டபடி நின்றது.

ஊருக்கு என் அண்ணன் ஆறுமுகம், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வீட்டில்தான் அப்பு. கோவையில் அவரோடு காயில் கட்டியவர்கள் அவர் நினைவாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் அவருடைய இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டது. அப்பா தோளில் தூக்கிப்போய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். பத்து வயதில் ஒரு நாள், "இனி வேண்டாமுங்கப்பா. நான் என்ன புண்ணாக்கு மூட்டையா?" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கைகளை ஊன்றித் தவழ்ந்தே போனார். உள்ளங்கை முழுக்க முள்.

கோவைப் பட்டறையில் தொழில் கற்று ஊருக்கு வந்தபின் அவர் கைராசிக்கு நல்ல பேர். ஆனால் மோட்டார் நிற்பது தோட்டத்துக் கிணற்றில். தார் ரோட்டுக்குக் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி இருந்தது. இருபுறமும் முள்வேலி நெருக்கிய இட்டேரியில், வண்டித்தடப் பள்ளத்தில் அது போகாது. அதனால் ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்கள் பிரியமாகத்தான் தூக்கினார்கள். அவர்தான் போகும் வழியெல்லாம் பேச மாட்டார்.

அப்போதுதான் மேடுபள்ளத்தில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் கழித்துப் போட்ட கோ-கார்ட் என்கிற தாழ்வான குட்டி வண்டி ஒன்று அவருக்குக் கிடைத்தது. இஞ்சின் இறுகிப்போன வண்டி. நான் ஆடி நோம்பிக்குப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, அவரும் லேத் பட்டறை நடராசும் பழைய இஞ்சினைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன பம்ப்செட் இஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். காலால் மிதிக்க வேண்டியதையெல்லாம் கையால் இழுக்கிற மாதிரி மாற்றியாயிற்று. சைலன்சர் சுட்டால் சட்டென்று காலை நகர்த்த முடியாது என்று அது மறுபக்கம் போகும்படி அண்ணன் இஞ்சினை வலம் இடமாகத் திருப்பி வைத்தார்.

வாசலில் கூட்டம். கயிற்றை இழுத்ததும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. அண்ணன் கைப்பிடியைத் தள்ளினார். வண்டி சர்ரென்று பின்னால் போய் மாட்டுத் தண்ணித்தொட்டியில் முட்டி நின்றது. இஞ்சினைத் திருப்பி வைத்ததில் சக்கரமும் திருப்பிச் சுற்றிவிட்டது.

பக்கத்துத் தோட்டத்துச் சின்னசாமி மாமா, "ஏனுங்க மோட்டார்காரரே, எங்களையெல்லாம் பாத்துக்கிட்டே ஊருக்குப் போறீங்ளாட்ட இருக்குது?" என்றார்.

"அட, இருங்க மாமா. ரெண்டு ஒயரை மாத்திப்போட்டா நேராச் சுத்திப்போகுது" என்று சொன்ன அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டார். கரண்ட் மோட்டார் திருப்பிச் சுற்றினால் இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்தால் போதும். இருபது வருடமாக அதையே செய்த கை. இஞ்சினில் மாற்றுவதற்கு ஏது ஒயர்?

"பழையபடி திருப்பி வெச்சுப்போட்டா?" என்றார் நடராசு.

"காலு வெந்துபோகுமே."

மூன்று நாள் வண்டி அப்படியே கிடந்தது. நான்காம் நாள் மாமாவின் கிணற்று மோட்டார் நின்றது. வெங்காயம் வாடுகிறது, காலையில் அண்ணனைத் தூக்க ஆள் வரும் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்கண்ணா, எங்க மில்லுல கல்லு திருப்பிச் சுத்துமுன்னு பெல்ட்டைக் குறுக்கே எட்டுப் போட்டாப்புல மாட்டியிருக்கறோம். இதுக்கு ஆகாதுங்ளா?"

நிமிர்ந்து பார்த்தார். "அம்மணி, மூணு நாளா இதை எங்க வெச்சிருந்தே?"

"நீங்க கேக்கவே இல்லீங்ளே."

"அது சரி" என்று சிரித்தார். பிறகுதான் சாப்பிட்டார்.

மாமாவுக்கு ஒரு நாள் பொறுக்கச் சொல்லி அனுப்பினோம். மறுநாள் என் வீட்டுக்காரர் மில்லின் பழைய பெல்ட்டோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நடராசு நடுவில் ஒரு சாஃப்டும் பெல்ட் ஓட இரண்டு புல்லியும் கடைந்து பூட்டினார். பெல்ட்டைக் குறுக்கே மாட்டியதும், சாயங்காலம் வண்டி முன்னால் போனது. இட்டேரிப் பள்ளத்தில் ஏறி இறங்கி, புழுதி கிளப்பிக்கொண்டு மாமா தோட்டத்துக்குப் போனது. கிணற்று மேட்டில் போய் வண்டியை நிறுத்திய அண்ணன், "யாரும் வர வேண்டாமுங்க, நானே வந்துட்டேன்" என்று கத்தினாராம்.

அதன்பின் ஆறு வருடம், வண்டிச் சத்தம் கேட்டால் எந்தத் தோட்டத்திலும் டீ போட்டு வைப்பார்கள். பார்க்கிறவர்களிடமெல்லாம் அண்ணன், "இஞ்சினு நான் மாத்துனதுங்க, ஓட வெச்சது எந்தங்கச்சி" என்பார். போன வாரம் காயில் கட்டிக்கொண்டிருந்தபோதே நெஞ்சு வலி வந்து மேசையில் சாய்ந்துவிட்டார்.

எடுக்கும் நேரத்தில் நான் சின்னசாமி மாமாவிடம் போய், "தூக்கறது அவருக்கு ஆகாதுங்க மாமா, அந்த வண்டியிலயே..." என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தெரியுமுங் கண்ணு. ஆனா இந்த ஒருவாட்டி எங்களைத் தூக்க உடோணும். நாங்க அவருக்குச் செய்யறதுக்கு வேற என்ன இருக்குது?" என்றார். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

நான்கு பேர் தோளில் அதே இட்டேரியில் போனீர்கள். நான் வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் குறுக்கே போட்டது போட்டபடி இருந்தது.

போய் வாருங்கள் அண்ணா. அவர்களைத் தூக்க விட்டுவிட்டேன். அது உங்களுக்குச் சம்மதம்தானுங்களா?