பொட்டலத்தில் போன பாபிலோன்

என் அக்கா படிக்காமல் போனதற்கு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்பாவைத்தான் குறை சொல்வார்கள். சென்ற மாதம் வாசுதேவநல்லூரில் அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தின்போதும் அதே பேச்சு வந்தது. அவ்வளவு புத்தியுள்ள பெண்ணை வறுவல் கடையில் காய் சீவ வைத்துவிட்டாரே என்று அக்காவின் மூத்த மகளே சொன்னாள். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் குற்றம் பாதிதான். மீதி என்னுடையது. எனக்கு எழுபத்திரண்டு வயதாகிறது. இனியும் இதைச் சொல்லாமல் வைத்திருப்பதில் பொருள் இல்லை.

எங்களுக்கு ஊர் வடகரை. சாரல் தொடங்கியதும் அப்பா ஐந்தருவிக்குப் போகும் பாதையில் ஓலைக்கொட்டகை போட்டு நேந்திரங்காய் வறுவல் விற்பார். அம்மா இறந்த வருஷம் அக்கா ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வீட்டில் சோறு பொங்கிவைத்துவிட்டு அப்பாவோடு கடைக்குப் போய்க் காய் சீவுவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போவேன். பொட்டலம் மடிப்பது என் வேலை. அவளுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து.

பொட்டலத்துக்கான பழைய தாள் தென்காசியிலிருந்து கட்டுக்கட்டாக எடைக்கு வரும். செய்தித்தாளைவிடப் புத்தகத் தாளைத்தான் அப்பா விரும்புவார். குளித்துவிட்டு ஈரக்கையோடு வாங்குகிறவர்களிடம் அது சீக்கிரம் கிழியாது. எந்தக் கட்டு வந்தாலும் முதலில் பிரித்துப் பார்ப்பது அக்காதான். அப்படி ஒரு கட்டில்தான் இரண்டு அட்டையும் போன அந்தப் புத்தகம் கிடைத்தது. பெயர் தெரியாது, எழுதியவர் யாரென்று தெரியாது. ஒன்பதாம் பக்கத்தில்தான் தொடங்கியது. ஆதிமனிதன் தீ மூட்டியதிலிருந்து எகிப்து, பாபிலோன், சிந்துவெளி, சீனா, கிரேக்கம் வரை, உலகத்தின் பழைய கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்லியிருந்தது. உதிர்ந்த தாள்களை அக்கா சாக்கு ஊசியால் தைத்து வைத்துக்கொண்டாள்.

காய் சீவும்போது பக்கத்தை விரித்து அதன்மேல் எடைக்கல்லை வைத்திருப்பாள். கை தன்பாட்டுக்குச் சீவும், கண் தன்பாட்டுக்குப் படிக்கும்.

“நைல் ஆறு பெருகுனா எகிப்துக்காரன் சந்தோசப்படுதான்லே. நம்ம சிற்றாறு பெருகுனா நாம கடையத் தூக்கிட்டு ஓடுதோம்” என்றாள் ஒரு நாள்.

“ஏட்டி, எகிப்துக்காரன் வறுவல் திம்பானான்னு அதுல போட்டிருக்கா பாரு” என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, அவள் புத்தியில் பாதி உனக்கு வந்தால் போதும் என்றார். இதை அவர் அடிக்கடி சொல்வார். ஒவ்வொரு முறையும் எனக்குக் கசக்கும்.

ஆடி பிறந்த சமயம், தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர் கடைக்கு வந்தார். எடைக்கல்லுக்கு அடியில் என்ன என்று கேட்டார். சட்டத்தையெல்லாம் கல்லில் வெட்டிவைத்த பாபிலோன் ராஜாவைப் பற்றி அக்கா சீவுவதை நிறுத்தாமலே சொன்னாள். டீச்சர் கையிலிருந்த பொட்டலம் ஆறிப்போகும்வரை நின்று கேட்டார்.

“அண்ணாச்சி, பிள்ளைய எங்க பள்ளிக்கூடத்துக்கு விடுங்க. ஹாஸ்டல் இருக்கு. சோறு துணியெல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்க” என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியையை அழைத்து வருவதாகவும், அவர் அந்தப் புத்தகத்திலிருந்தே சில கேள்விகள் கேட்பார் என்றும், பதில் சொன்னால் எட்டாம் வகுப்பில் இடம் உண்டு என்றும் சொன்னார். அப்பா சட்டியில் வெந்த வறுவலை அரித்து எடுத்துப் போட்டார். “அவ பதில் சொல்லிட்டான்னா கூட்டிட்டுப் போங்க” என்றார். அப்பா ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அந்த வாரம் அக்கா எனக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்தாள். அப்போதுதான் அவள் உண்மையிலேயே போகப் போகிறாள் என்பது எனக்கு உறைத்தது. நீ போய்விட்டால் எனக்கு யார் சோறு போடுவார்கள் என்று கேட்டேன்.

“நீதாம்லே வடிக்கணும். கொழைஞ்சு போச்சுன்னா கஞ்சின்னு சொல்லிக் குடிச்சிரு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா போய் அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

சனிக்கிழமை நல்ல கூட்டம். மறுநாளைக்காகத் தன் நல்ல பாவாடையைத் துவைக்க அக்கா ஓடைப் பக்கம் போயிருந்தாள். என் கையருகே இருந்த தாள் தீர்ந்துவிட்டது. பலகைக்கு அடியில் பிரிக்காத கட்டு ஒன்று இருந்தது. அதை நான் காலால் உள்ளே தள்ளிவிட்டேன். தாள் இருக்கிறதா என்று அப்பா திரும்பாமலே கேட்டார். இருக்கிறது என்றேன். அக்காவின் புத்தகத்தை எடுத்துத் தையல் நூலை அறுத்தேன்.

கிரேக்கம்தான் முதலில் போனது. சீனா ஒரு மதுரைக்காரருக்குப் போனது. சிந்துவெளியைப் புதுமாப்பிள்ளை பெண்ணோடு வந்த ஒரு கூட்டம் மொத்தமாக வாங்கிக்கொண்டு போனது. சின்னப் பொட்டலம் கேட்டவர்களுக்காகப் பாபிலோனைப் பாதி பாதியாகக் கிழித்தேன். அப்பா சட்டியைப் பார்த்தபடியே நின்றிருந்தார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அக்கா ஈரப்பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அறுந்த நூலைப் பார்த்தாள். தாள் தீர்ந்துவிட்டது, கூட்டத்தில் தெரியாமல் எடுத்துவிட்டேன் என்றேன். அப்பா என் கன்னத்தில் அறைந்தார்.

“விடுங்கப்பா. சின்னப்பய, தெரியாமத்தான் செஞ்சிருக்கான்” என்று அக்கா குறுக்கே வந்தாள்.

பிறகு அருவிப் பாதை நெடுகப் போய், தின்றவர்கள் எறிந்த தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். ஏழெட்டுத் தாள்கள் கிடைத்தன. எண்ணெயும் சாரலும் பட்டு ஒரு பக்கத்து எழுத்து மறு பக்கத்தில் தெரிந்தது. அடுப்பருகே ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்தாள்.

மாலையில் கடையைக் கூட்டும்போது விளக்குமாறு பலகைக்கு அடியில் எதிலோ இடித்தது. அவள் குனிந்து அந்தத் தாள் கட்டை வெளியே இழுத்தாள். கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு டின்களை அடுக்கினேன். அப்பாவிடம் அவள் இதைச் சொல்லவில்லை. கட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு மீதி இடத்தைக் கூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியை குடையோடு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். புத்தகம் போன செய்தியைக் கேட்டுவிட்டு, அதனாலென்ன, நினைவிலிருப்பதைச் சொல்லட்டும் என்றார். நைல் ஆறு எந்த நாட்டில் ஓடுகிறது என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். அவளுடைய ஒரு கை என் தோளில் இருந்தது. பதில் எனக்கே தெரியும், நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“தெரியலம்மா” என்றாள் அக்கா.

சிந்துவெளியில் தோண்டி எடுத்த ஊர் ஒன்றின் பெயரைக் கேட்டார். அதுவும் தெரியவில்லை என்றாள்.

“பயப்படாத பிள்ள, அன்னைக்கு எங்கிட்ட அவ்வளவு சொன்னியே” என்று டீச்சர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள். அப்பா டீச்சரின் முகத்தைப் பார்க்காமல், “அவளுக்கு அவ்வளவுதான் போலிருக்கு” என்றார்.

புத்தகம் போனதால் படித்ததும் போய்விட்டது என்றே நான் நம்பினேன். பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகம் தொலைந்தால் எனக்கு அப்படித்தான் ஆகும். குற்ற உணர்ச்சி இருந்தது. அதைவிட, அவள் எங்கும் போகவில்லை என்ற நிம்மதி பெரிதாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அக்காவின் சோற்றைத் தின்று நான் பி.ஏ. வரை படித்தேன், அரசு வேலைக்குப் போனேன். அவளுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணமாயிற்று. எத்தனையோ தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

ஆனால் இப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை, அடுத்து வந்த சனிக்கிழமைதான். அன்று அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. ஆளே வரவில்லை. அப்பா சட்டியை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். எனக்குப் பொழுது போகவில்லை. கதை சொல்லு என்று அக்காவை நச்சரித்தேன்.

அவள் காயைச் சீவிக்கொண்டே நினிவே என்ற ஊரைப் பற்றிச் சொன்னாள். அங்கே ஒரு ராஜா ஆயிரக்கணக்கான களிமண் பலகைகளில் எழுதிவைத்து ஒரு நூலகம் கட்டியிருந்தானாம். எதிரிகள் வந்து ஊருக்குத் தீ வைத்தார்களாம். மண்பானை சூளையில் வேகிறமாதிரி பலகைகள் வெந்து இறுகிப் போயினவாம்.

“இங்கன பக்கம் முடியுது” என்றாள்.

“பெறவு?” என்று கேட்டேன்.

அடுத்த காயை எடுத்துத் தோலைச் சீவிவிட்டு அடுத்த பக்கத்தைத் தொடங்கினாள். ராஜாக்களின் பெயர்கள், ஊர்கள், போர்கள், எதிலும் அவள் தடுமாறவில்லை. நான் பெறவு, பெறவு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எடைக்கல்லுக்கு அடியில் தாள் எதுவும் இல்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.