சதுரம் எவ்வளவுங்க ஆச்சு?

எனக்கு என் தங்கை மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் பொறுமை எனக்கில்லை. அவள் என்னைவிட நிறம், என்னைவிட நன்றாகச் சமைப்பாள், கணபதிப் பகுதியில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். நான் பாலிடெக்னிக் வாத்தியாருக்கு வாழ்க்கைப்பட்டு, சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வயிறு எரிவதற்கு இவ்வளவு போதும்.

இதில் வேடிக்கை என் பிழைப்புதான். கோவையைச் சுற்றியுள்ள மில்களுக்கும் பம்பு கம்பெனிகளுக்கும் போய், பண விஷயத்தில் நம் மனசு நம்மை எங்கெங்கே ஏமாற்றுகிறது என்று தொழிலாளர்களுக்கு வகுப்பெடுப்பவள் நான். நடத்தை அறிவியல் என்று பேனரில் பெரிதாகப் போடுவார்கள். கேண்டீன் ஹாலில் டீயும் வடையும் கொடுத்து எல்லாரையும் உட்கார வைப்பார்கள். நான் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்.

"உங்களுக்குச் சம்பளம் கொஞ்சம் ஏறுது, பக்கத்து மெஷின்காரருக்கு ஏறலை. இல்லாட்டி உங்களுக்கு நல்லா ஏறுது, அவருக்கு உங்களை விட ஜாஸ்தி ஏறுது. எதுங்க வேணும்?"

எல்லாரும் நல்ல பிள்ளைகளாக இரண்டாவதற்குக் கை தூக்குவார்கள். பக்கத்து மெஷின்காரரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன். பாதிக் கைகள் இறங்கிவிடும், ஹாலே சிரிக்கும். எங்கோ இருக்கும் கோடீஸ்வரனைப் பார்த்து நாம் ஏங்குவதில்லை, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் செலவு செய்கிறோம் என்று அப்போது விளக்குவேன். என் தங்கையைப் பற்றி அங்கே வாயே திறக்க மாட்டேன்.

போன வருஷம் அவள் துடியலூர் தாண்டி ஒரு லேஅவுட்டில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். எங்கள் பக்கத்தில் கிரகப்பிரவேசத்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு வந்துவிட முடியாது. வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். போர் மோட்டாரிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை வீட்டுக்காரர் கூட்டிப்போய்க் காட்டுவார். வந்த உறவெல்லாம் அலமாரியைத் திறந்து பார்க்கும், குழாயைத் திருகிப் பார்க்கும். கடைசியில் யாராவது ஒருவர் கேட்டே தீர வேண்டும்.

"ஏனுங்க, சதுரம் எவ்வளவுங்க ஆச்சு?"

சதுரம் என்றால் நூறு சதுர அடி. அதைக் கட்ட என்ன செலவானது என்பதுதான் கேள்வி. ஊர்ப்பக்கம் இதைக் கேட்பது நாகரிகக் குறைவில்லை. கேட்காமல் போனால்தான் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப்போகும், கேட்கிற அளவுக்கு இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்று அர்த்தமாகிவிடும். அன்று எங்கள் பெரியப்பா கேட்டார். தங்கை வீட்டுக்காரர் ரொம்பப் பணிவாக ஒரு தொகையைச் சொன்னார். அந்தத் தொகையை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் மறுபடியும் எரியும்.

அவளுடைய சமையலறை ஜன்னலில் மலை தெரிந்தது. என் சமையலறை ஜன்னலில் பக்கத்து வீட்டுக் குளியலறைக் குழாய் தெரியும். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். கையைப் பிடித்து என்னை மாடிக்குக் கூட்டிப்போய் ஒரு கதவைத் திறந்தாள்.

"இது நீங்க வந்தா தங்கறதுக்குங்கக்கா. உங்களுக்குன்னே ஏசி போட்டுப்போட்டேன்."

அந்த விருந்தாளி அறை என் வீட்டுப் படுக்கையறையைவிடப் பெரிது. அவள் முகத்தில் துளி கர்வம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாப்பிட்டு முடித்த கையோடு கணவரை இழுத்துக்கொண்டு அதே லேஅவுட்டின் ஆபீசுக்குப் போனேன். அவள் வீட்டுத் தெருவிலேயே கார்னர் சைட் ஒன்று காலியாக இருந்தது, அதில் அவர்களே வீடும் கட்டித் தருவார்களாம். அங்கிருந்த பையன் முதலில் எங்களால் வாங்கவே முடியாத பெரிய வில்லாவின் படத்தைக் காட்டினான், பிறகு நடுத்தரமான ஒன்றைக் காட்டினான். "கார்னர் இது ஒண்ணுதானுங்க மேடம் மீதி. வளர்பிறையிலயே அட்வான்ஸ் போட்டுட்டா நல்லதுங்க" என்றான். அவன் செய்த ஒவ்வொரு வித்தைக்கும் எனக்குப் பெயர் தெரியும். பலகையில் எழுதிப் போட்டு விளக்கியவள் நான். இருந்தும் அவன் சதுரத்துக்கு ஒரு விலை சொன்னதும், அட, தங்கைக்கு ஆனதைவிடக் குறைவாச்சே என்று மனசு துள்ளியது. அவள் இழைத்தது தேக்கும் கிரானைட்டும், இவன் தருவது சிமெண்டும் சுண்ணாம்பும். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று யோசிக்கவே இல்லை. காலையில் காதில் விழுந்த தொகை அங்கேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது.

என் கணக்கிலிருந்து டோக்கன் அட்வான்ஸ் கட்டினேன். திரும்ப வராது என்று சொல்லித்தான் வாங்கினான். மீதி அட்வான்சுக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வைப்புத்தொகை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவள் காலேஜுக்கென்று பல வருஷமாகச் சேர்த்தது. அதை உடைத்தால் வீடு வரும், மகளுக்கு நல்ல காலேஜ் வருமா என்று சொல்ல முடியாது. அன்று எனக்கு மகளைவிடத் தங்கைதான் பெரிதாகத் தெரிந்தாள்.

அந்தப் பணத்தை எடுக்க இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அப்படி வைத்ததும் நான்தான். பெரிய செலவு எதுவானாலும் ஆசை வந்த உடனே கையெழுத்துப் போடக்கூடாது, அடுத்த அமாவாசை தாண்ட வேண்டும் என்று சட்டம் போட்டதும் நான்தான். வகுப்பிலும் இதைத்தான் சொல்வேன். நம் ஊரில் நாள் பார்க்காமல் யாரும் எதையும் செய்வதில்லை, ஆற அமர யோசிப்பதற்கும் அதையே ஒரு கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். காரில் திரும்பி வரும்போது என் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அமாவாசை தாண்டட்டும் கண்ணு."

"டோக்கன் போயிருமுங்க."

"அது போனது போனதுதான். போனதைப் பிடிக்கறதுக்கு இருக்கறதையும் போடக்கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

என் பாடத்தை எனக்கே ஒப்பித்த அந்த மனுஷனைத் துடியலூரிலிருந்து காந்திபுரம் வரை திட்டிக்கொண்டே வந்தேன்.

ஆசை ஆறிவிடும் என்றுதான் வகுப்பில் சொல்வேன். என் ஆசை ஆறவில்லை. தினமும் மனசுக்குள் அந்தக் கார்னர் வீட்டைக் கட்டினேன். பால் காய்ச்சி, தங்கையைப் போர் மோட்டாரிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை கூட்டிப்போனேன். என் சமையலறை ஜன்னலில் மலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் தெரிந்தது. கடைசியில் அவளே சதுரம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். பை நிறையக் கொய்யாப்பழம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் கிரகப்பிரவேசம் வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் லிஃப்ட் போட்டிருக்கிறார்கள். சதுரத்துக்கு அவர்கள் சொன்ன தொகை இவளுடையதைவிட அதிகம். தனக்கும் லிஃப்ட் வேண்டும் என்று இவள் பிடிவாதம் பிடிக்க, ஃபவுண்டரிக்குப் புது ஃபர்னஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தைத் தொட முடியாது என்று அவர் கத்த, இரண்டு நாளாக வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

"ராத்திரி தூக்கமே வர்றதில்லீங்கக்கா. ஜன்னலைத் தொறந்தா அவங்க ஊடுதான் தெரியுது. நீங்கதான் இதுக்கெல்லாம் கிளாஸ் எடுக்கறீங்களே, எனக்கு ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. காபி போட்டுக் கொடுத்து, அமாவாசைச் சட்டத்தைச் சொன்னேன். எதிர்வீட்டைப் பார்க்காதே, நீ மாடிக்கு ஒரு நாளில் எத்தனை தடவை ஏறுகிறாய் என்று பார் என்றேன். முட்டி வலிக்கிற வயசா உனக்கு என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். முகம் தெளிந்தது. அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"என்னைப் பாத்து உனக்கு எப்பவாச்சும் இப்படி ஆயிருக்குதா அம்மணி?"

என் வேலை, என் கைச்சம்பளம், மைக் பிடித்து நான் பேசுவது, இதில் ஏதாவது ஒன்றைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஒன்றே ஒன்று போதும்.

"உங்களைப் பாத்தா? அட போங்கக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் பாத்தாத்தான் எனக்கு மனசு நிம்மதி ஆகுது. அதுக்குத்தானே ஓடியாறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொய்யாப்பழத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்க் குழாயடியில் நின்றேன். மேலே எங்கோ இருப்பவரைப் பார்த்து நாம் ஏங்குவதில்லை என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லியிருக்கிறேன். கீழே எங்கோ இருப்பவரைப் பார்த்தும் யாரும் ஏங்குவதில்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அமாவாசை கழிந்த மறுநாள் என் கணவர் வங்கிப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கெடு முடிந்துவிட்டது, நான் சொன்னால் கையெழுத்துப் போட்டிருப்பார்.

"வேண்டாங்க" என்றேன்.

"ஏன், ஆசை ஆறிப்போச்சா?"

"ஆறலைங்க. ஆனா கட்டி என்ன பண்றது? அவ வந்து சதுரம் எவ்வளவுன்னு கேக்கவே மாட்டா."