கூரையில் அவர் பங்கு

எண்பதுகளில், சிங்கப்பூரின் ஆங் மோ கியோ பக்கம் ஒரு தனியார் அடுக்குமாடியின் நிர்வாக அலுவலகத்தில் நான் தட்டச்சராக இருந்தேன். மேல்தளத்துக்காரர் ஒருவர் அடிக்கடி வருவார். மின்சார ஹீட்டரில் ஷாக் அடித்ததிலிருந்து அவர் மனைவி அதைத் தொடவே பயந்தாராம். அதனால் மொட்டைமாடியில் சூரிய ஹீட்டர் பொருத்த அனுமதி கேட்டார். பேசுமுன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார்.

அடுக்குமாடியின் நிர்வாகக் குழு, கூரை தாங்கும் என்று ஒரு பொறியாளரின் கடிதம் கேட்டது. பொறியாளரோ குழுவின் அனுமதி கேட்டார்.

“எதும்மா முதல்ல வேணும்?”

“எனக்கே தெரியலை சார்.”

“கூரை எல்லாருக்கும் பொதுன்னா, எனக்கும் பங்கு இருக்குல்ல?”

“இருக்கு சார். எந்த இடம்னுதான் சொல்ல முடியாது லா.”

கடைசியில் மறுப்புக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். “ஒரு தப்புகூட இல்லம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாராட்டினாரா, குத்திக்காட்டினாரா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.